பள்ளிக்கூடத்தில் கொடுக்கும் பூச்சி மாத்திரை: பெற்றோர்கள் கேட்கும் கேள்விகள்

பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் ஒரு நாள் பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்து "இன்னிக்கு பூச்சி மாத்திரை குடுத்தாங்க" என்று சொல்வார்கள். அன்று சாயங்காலமே குழந்தை மருத்துவர்களுக்குப் போன் வரத் தொடங்கிவிடும். வருடா வருடம் அதே கேள்விகள்தான். அவற்றுக்கான பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இது என்ன மாத்திரை? யார் கொடுக்கச் சொன்னது?

அல்பெண்டசோல், 400 மில்லிகிராம். மருந்துக்கடையில் ஜென்டெல், பேண்டி என்ற பெயர்களில் விற்பதும் இதே மருந்துதான். மத்திய அரசு 2015 பிப்ரவரியில் மாநிலங்களும் யூனியன் பிரதேசங்களுமாக 11 இடங்களில் தேசிய குடற்புழு நீக்க நாளைத் தொடங்கி, அடுத்த ஆண்டு நாடு முழுவதற்கும் விரித்தது. 1 வயது முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு அங்கன்வாடியிலும் பள்ளியிலும் கல்லூரியிலும் இலவசமாகக் கொடுக்கிறார்கள். தனியார் பள்ளிகளுக்கும் உண்டு.

என் பையன் நன்றாகத்தான் இருக்கிறான். பூச்சி இருக்கிறதா என்று பார்க்காமலே எப்படி மருந்து கொடுக்கலாம்?

நியாயமான கேள்வி. வேறு எந்த நோய்க்கும் இப்படிச் செய்தால் நானும் சண்டைக்குப் போவேன். ஆனால் இங்கே கணக்கு வேறு.

பூச்சி இருக்கிறதா என்று உறுதியாகத் தெரிய வேண்டுமானால் மலத்தை எடுத்து, கண்ணாடித் தகட்டில் தடவி, நுண்ணோக்கியில் முட்டை தேட வேண்டும். 500 பிள்ளைகள் படிக்கும் பள்ளி என்றால் 500 டப்பா. அதற்கு ஆகும் செலவும் வேலையும் மாத்திரைக்கு ஆவதைப்போலப் பல மடங்கு. அப்படியே பார்த்தாலும் குறைவான பூச்சி இருக்கும் பிள்ளை ஒரே சோதனையில் தப்பிவிடும். மாத்திரையோ பூச்சி இல்லாத பிள்ளைக்கும் கெடுதல் செய்யாது. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் ஒரு எல்லை வகுத்தது. ஒரு பகுதியில் 100 பேரில் 20 பேருக்கு மேல் இந்தப் பூச்சிகள் இருந்தால், யாரையும் தனித்தனியாகச் சோதிக்காமல் வருடத்துக்கு ஒரு முறை எல்லோருக்கும் கொடுக்கலாம். 50 பேருக்கு மேல் என்றால் இரண்டு முறை. சோதனை உண்டு, ஆனால் அது ஊருக்கு. ஒவ்வொரு பிள்ளைக்கும் இல்லை.

"நன்றாகத்தான் இருக்கிறான்" என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். நாலைந்து பூச்சி இருக்கும் பிள்ளைக்கு ஒரு அறிகுறியும் தெரியாது. ஆனால் அந்தப் பிள்ளையின் மலத்தோடு மண்ணில் விழும் முட்டை இன்னொரு பிள்ளையின் வயிற்றுக்குப் போகும்.

எந்தெந்தப் பூச்சிக்கு இது?

முக்கியமாக மூன்று.

உருண்டைப்புழு. பெரியவர்கள் நாக்குப்பூச்சி என்பார்கள். பார்க்க மண்புழு மாதிரி, ஒரு அடி நீளம்கூட வளரும். ஒரு பெண் புழு நாளொன்றுக்குச் சுமார் 2 லட்சம் முட்டை போடும். முட்டை மண்ணில் வருடக்கணக்கில் சாகாமல் கிடக்கும். விழுங்கப்பட்ட முட்டை குடலில் பொரிந்து, குஞ்சு ரத்தம் வழியாக நுரையீரலுக்குப் போய், இருமலோடு தொண்டைக்கு ஏறி, மறுபடி விழுங்கப்பட்டுக் குடலுக்கு வந்துதான் பெரிதாகிறது. இவ்வளவு சுற்று எதற்கு என்று எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். நிறைய சேர்ந்துவிட்டால் உருண்டு திரண்டு குடலையே அடைத்துவிடும்.

சாட்டைப்புழு சிறியது, சுமார் 4 சென்டிமீட்டர். பெருங்குடல் சுவரில் தலையை நுழைத்துக்கொண்டு கிடக்கும். அதிகமானால் சீதபேதி, வளர்ச்சிக் குறைவு, சில பிள்ளைகளுக்கு மலக்குடல் வெளித்தள்ளுவது வரை போகும்.

மூன்றாவது கொக்கிப்புழு. ஒரு சென்டிமீட்டர்தான், ஆனால் என்னைக் கேட்டால் மூன்றிலும் இதுதான் பொல்லாதது. குடல் சுவரைக் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கும். நம் பக்கம் அதிகம் இருக்கும் நெகேட்டர் வகையில் ஒரு புழு நாளைக்குச் சுமார் 0.03 மில்லி ரத்தத்தை வீணாக்கும். இது ஒன்றுமில்லை என்று தோன்றும். 100 புழு என்றால் ஒரு நாளைக்கு 3 மில்லி, மாதத்துக்கு 90 மில்லி. ஏற்கெனவே சோறும் ரசமுமாகச் சாப்பிட்டு, இரும்புச்சத்துக்கு வழியில்லாமல் இருக்கும் ஒரு பத்து வயதுப் பெண்ணுக்கு மாதம் 90 மில்லி ரத்தம் போனால் என்னாகும்? வெளுத்துப்போய், படியேறினால் மூச்சு வாங்கி, வகுப்பில் தூங்கி வழிவாள். வாத்தியார் "சோம்பேறி" என்பார்.

இனிப்பு அதிகமாகத் தின்றால் பூச்சி வரும் என்கிறார்களே?

வராது. சர்க்கரையிலிருந்து பூச்சி முளைப்பதில்லை. உருண்டைப்புழுவும் சாட்டைப்புழுவும் முட்டையாக வாய் வழியே வருகின்றன: கழுவாத கை, நகக்கண் அழுக்கு, சரியாக அலசாத கீரை, தரையில் விழுந்ததை எடுத்து வாயில் போட்டுக்கொள்வது. மண் தின்னும் பழக்கம் உள்ள பிள்ளைக்கு நேர்வழி. அந்தப் பழக்கமே பல நேரம் இரும்புச்சத்துக் குறைவால் வருவது என்பது தனிக் கொடுமை. கொக்கிப்புழு வருவது காலின் வழியாக. யாரோ வெளிக்குப் போன ஈர மண்ணில் முட்டை பொரிந்து, ஒரு வாரம் பத்து நாளில் கண்ணுக்குத் தெரியாத குஞ்சு தயாராக நிற்கும். வெறுங்கால் பட்டால் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். இந்த மூன்று புழுவும் வயிற்றுக்குள் பெருகுவதில்லை. போடும் முட்டையெல்லாம் மலத்தோடு வெளியே போய், மண்ணில் சில நாட்களோ வாரங்களோ இருந்தால்தான் அடுத்த ஆளைத் தொற்றும். உங்கள் பிள்ளை வயிற்றில் 30 புழு இருந்தால், அந்த 30 புழுவும் வெளியிலிருந்து உள்ளே வந்தவை என்று அர்த்தம். கீழே சொல்லப்போகும் பலவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறாள். கன்னத்தில் வெள்ளைத் திட்டு வேறு. பூச்சிதானே?

இரண்டுக்கும் பூச்சிக்கும் சம்பந்தமில்லை. கன்னத்து வெள்ளைத் திட்டு பெரும்பாலும் வறண்ட தோலில் வரும் சாதாரணத் தோல் பிரச்சினை. நாளாக நாளாகத் தானே மறையும். பல் கடிப்பது பூச்சி இல்லாத பிள்ளைகளிடமும் சகஜம்.

ஒரே மாத்திரையில் எல்லாப் பூச்சியும் போய்விடுமா?

புழுவைப் பொறுத்தது. அல்பெண்டசோல் புழுவின் உடலில் ஒரு புரதத்தைப் பிடித்துக்கொண்டு, அது சர்க்கரையை உறிஞ்ச முடியாமல் செய்கிறது. புழு பட்டினி கிடந்து சாகிறது. ஒரு வேளை மருந்தில் உருண்டைப்புழு உள்ளவர்களில் 100க்குச் சுமார் 95 பேர் குணமாகிறார்கள். கொக்கிப்புழுவில் 80 பேர். சாட்டைப்புழுவில் 30 பேர்தான். முழுக்கப் போகாதவர்களிடமும் எண்ணிக்கை குறைகிறது. தொல்லை எண்ணிக்கையைப் பொறுத்தது என்பதால் அதுவே லாபம்தான். சாட்டைப்புழுவுக்கு ஐவர்மெக்டின் என்ற இன்னொரு பூச்சி மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் நன்றாக வேலை செய்கிறது என்று ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. ஆனால் கடையில் "பிளஸ்" என்று போட்ட கூட்டு மாத்திரையை நீங்களே வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

மறுநாள் மலத்தில் ஒன்றும் வரவில்லையே?

வர வேண்டும் என்றில்லை. சிறு புழுக்கள் செத்துக் கரைந்தோ கலந்தோ போய்விடும், கண்ணுக்குத் தெரியாது. பெரிய உருண்டைப்புழு இருந்தால் சில நாட்களுக்குள் வெளியே வரலாம். வந்தால் பயப்பட வேண்டாம். பழைய காலத்து வழக்கப்படி கூடவே பேதி மருந்து கொடுக்கவும் வேண்டாம்.

மாத்திரை போட்ட பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள் என்று செய்தி வருகிறதே?

வருகிறது. பூச்சி அதிகம் உள்ள பிள்ளைகளுக்கு, அவை சாகும்போது லேசான வயிற்றுவலி, குமட்டல், ஒன்றிரண்டு வாந்தி, தலைச்சுற்றல் வரலாம். சில மணி நேரத்தில் சரியாகிவிடும். படுக்க வைத்துத் தண்ணீர் கொடுத்தால் போதும்.

ஆனால் ஒரே நேரத்தில் ஐம்பது அறுபது பேரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் செய்திகளில் பெரும்பாலும் நடப்பது வேறு. ஒரு பிள்ளை வாந்தி எடுக்கிறாள். பக்கத்தில் இருப்பவளுக்குப் பயத்தில் வயிற்றைப் பிசைகிறது. வேன் வருகிறது, அம்மாக்கள் அழுதுகொண்டே ஓடி வருகிறார்கள், அதைப் பார்த்து இன்னும் பத்துப் பேருக்குத் தலை சுற்றுகிறது. நடிப்பு இல்லை இது. பயத்தால் உடம்பு உண்மையிலேயே அப்படித்தான் நடந்துகொள்ளும். முதல் பிள்ளையைச் சத்தமில்லாமல் தனி அறைக்குக் கூட்டிப்போகத் தெரிந்த ஒரு டீச்சர் இருந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும்.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. சின்னக் குழந்தையின் மூக்கைப் பிடித்து, அழ அழ மாத்திரையைத் திணித்தால் மூச்சுக்குழலில் போய் அடைத்துக்கொள்ளும். எந்த மருந்தையும் அப்படிக் கொடுக்கக் கூடாது.

அப்படியானால் எப்படிக் கொடுப்பது?

1 முதல் 2 வயதுவரை அரை மாத்திரை. அதற்கு மேல் முழு மாத்திரை. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்துப் பொடியாக்கி, தண்ணீரில் கலந்து கொடுக்க வேண்டும். பெரிய பிள்ளைகள் மென்று தின்ன வேண்டும், அப்படியே விழுங்கக் கூடாது. வெறும் வயிற்றில்தான் போட வேண்டும் என்பதில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம். பத்தியமும் கிடையாது.

காய்ச்சலோ வேறு உடல்நலக் குறைவோ இருந்தால் அன்றைக்கு வேண்டாம், தேறிய பிறகு கொடுக்கலாம். வலிப்பு வரும் பிள்ளை என்றால் டீச்சரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு டாக்டரைக் கேளுங்கள். நாடாப்புழுவின் கட்டி மூளையில் இருக்கும் சிலருக்கு இந்த மருந்தே வலிப்பைத் தூண்டிவிடக்கூடும்.

ராத்திரி ஆனால் ஆசனவாயில் அரிப்பு, வெள்ளை நூல் மாதிரி நெளிகிறது. ஸ்கூல் மாத்திரை போட்டும் போகவில்லை.

இது நூல்புழு. வீட்டில் கீரிப்பூச்சி என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். மேலே சொன்ன மூன்றோடு இதைச் சேர்க்க முடியாது, ஏனென்றால் இதற்கு மண் தேவையில்லை. ராத்திரி ஆசனவாய் ஓரத்தில் முட்டை போடும். பிள்ளை சொறியும், முட்டை நகத்தில் ஏறும், காலையில் விரலை வாயில் வைத்ததும் மறுபடி உள்ளே. படுக்கை விரிப்பு, துண்டு, தம்பி தங்கை என்று வீடு முழுக்கப் பரவும். மாத்திரை புழுவைக் கொல்லும், முட்டையை விட்டுவிடும். அதனால் டாக்டரைக் கேட்டு இரண்டு வாரம் கழித்து இன்னொரு வேளை, அதுவும் வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் போட்டுக்கொள்ள வேண்டும். நகத்தை ஒட்ட வெட்டுங்கள், விரிப்புகளை வெந்நீரில் துவையுங்கள். வசதியான வீடுகளிலும் வரும், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வேப்பங்கொழுந்து, குப்பைமேனி, விளக்கெண்ணெய் போதாதா? எங்கள் பாட்டி அதைத்தானே கொடுத்தார்?

என் பாட்டியும் அதைத்தான் கொடுத்தார். லீவு நாள் பார்த்து, விடியற்காலையில் மூக்கைப் பிடித்து விளக்கெண்ணெய் ஊற்றி, பிறகு நாள் முழுக்க ரசம் சோறு. விளக்கெண்ணெய் பேதியாக்கும், குடலைக் கவ்வியிருக்கும் கொக்கிப்புழுவை அது கழற்றாது. வேப்பங்கொழுந்து, சுண்டைவற்றல், பாகற்காய் எல்லாம் சாப்பாட்டில் இருக்கட்டும், நல்லதுதான். மருந்துக்குப் பதிலாக அவற்றை நம்ப வேண்டாம். கைக்குழந்தைக்கு விளக்கெண்ணெய் ஊற்றுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஏன்? ஒரு தடவை போட்டால் தீராதா?

மாத்திரை வயிற்றைத்தான் காலி செய்யும், மண்ணைக் காலி செய்யாது. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கணக்கு 2012இல் வந்தது. மருந்து கொடுத்து 12 மாதம் கழித்துப் பார்த்தால், உருண்டைப்புழுவின் பரவல் பழைய நிலையில் 94 சதவீதத்துக்குத் திரும்பியிருந்தது. சாட்டைப்புழு 82, கொக்கிப்புழு 57.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. 1910களில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் ஆட்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்து, கொக்கிப்புழுவால் வெளுத்துப்போயிருந்த நம் தமிழ்த் தொழிலாளர்களுக்கு மருந்து கொடுத்தார்கள். இரத்தசோகை குறைந்தது. ஆனால் தொழிலாளர்கள் குடியிருந்த லயன் வீடுகளில் ஒழுங்கான கழிப்பறை கட்டச் செலவழிக்கத் தோட்ட முதலாளிகளில் பலருக்கு மனமில்லை. மருந்து குடித்தவர்கள் அதே மண்ணில் வெறுங்காலோடு வேலைக்குப் போனார்கள். புழு திரும்பி வந்தது. நூறு வருடம் கழித்தும் கழிப்பறை பூட்டிக்கிடக்கும் ஒரு பள்ளியில் நாம் மாத்திரை கொடுத்தால் அதே கதைதான்.

மாத்திரை போட்டால் படிப்பு நன்றாக வருமா?

கல்வியாளர்களும் பொருளாதாரக்காரர்களும் மருத்துவர்களும் இதை வைத்துப் பல வருடம் சண்டை போட்டிருக்கிறார்கள். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கென்யாவின் புசியா பகுதியில் 1998இல் 75 பள்ளிகளை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் வெவ்வேறு ஆண்டில் பூச்சி மருந்து கொடுக்கத் தொடங்கினார்கள். எட்வர்ட் மிகெல், மைக்கேல் கிரெமர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் அதை ஆராய்ந்து 2004இல் வெளியிட்டார்கள். பள்ளிக்கு வராமல் இருப்பது கால் பங்கு குறைந்தது. மருந்து வாங்காத பிள்ளைகளுக்கும், அக்கம்பக்கத்துப் பள்ளிகளுக்கும்கூடப் பலன் போனது, ஏனென்றால் மண்ணில் விழும் முட்டை குறைந்துவிட்டது. ஆனால் பரீட்சை மதிப்பெண் கூடவில்லை. கிரெமருக்கு 2019இல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோவோடு சேர்த்து நோபல் கிடைத்தது வறுமை ஒழிப்பில் இந்த மாதிரிச் சோதனை முறையைக் கொண்டுவந்ததற்காக.

2015இல் லண்டன் ஆய்வாளர்கள் சிலர் அதே தரவுகளை வாங்கி மறுபடி கணக்குப் போட்டார்கள். சில பிழைகள் வெளிவந்தன. தூரத்துப் பள்ளிகளுக்குப் பலன் போனது என்ற பகுதி ஆட்டம் கண்டது. மருத்துவச் சோதனைகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் குழுவும், எல்லோருக்கும் கொடுப்பதால் சராசரி எடை, ஹீமோகுளோபின், படிப்பு இவற்றில் பெரிய மாற்றம் தெரியவில்லை என்று சொன்னது. நம் உத்தரப் பிரதேசத்தில் சுமார் 10 லட்சம் சிறு குழந்தைகளை வைத்து நடந்த பெரிய ஆய்வு 2013இல் வெளியானது. அதிலும் எடையிலோ இறப்பிலோ குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. மறுபக்கம், அந்தக் கென்யப் பிள்ளைகளை 20 வருடம் கழித்துத் தேடிப்பிடித்துப் பார்த்தபோது, கூடுதலாக மருந்து பெற்றவர்களின் வருமானம் ஓரளவு அதிகமாக இருந்தது.

என் கருத்து இதுதான். ஊரில் இருக்கும் பூச்சிகளில் பெரும்பங்கு கொஞ்சம் பேர் வயிற்றில்தான் இருக்கும். மருந்தால் பெரிய நன்மை அவர்களுக்கே. பூச்சியே இல்லாத பிள்ளைகளையும் சேர்த்துச் சராசரி போட்டால் அந்த நன்மை கரைந்து காணாமல் போய்விடும். அதனால் "மாத்திரை போட்டால் மார்க் ஏறும்" என்று யாராவது மேடையில் சொன்னால் நம்பாதீர்கள். கொக்கிப்புழுவால் வெளுத்துப்போன அந்த ஒரு பிள்ளைக்காக மற்றவர்களும் ஒரு இனிப்பு மாத்திரை மெல்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

எந்த நாடாவது இதை ஒழித்திருக்கிறதா?

தென் கொரியா. 1963இல் ஜொன்ஜு நகரில் குடலடைப்போடு வந்த ஒன்பது வயதுச் சிறுமியின் வயிற்றிலிருந்து 1,063 உருண்டைப்புழுக்களை எடுத்தார்கள், பிள்ளை பிழைக்கவில்லை. நாடே அதிர்ந்தது. 1966இல் ஒட்டுண்ணி நோய்த் தடுப்புச் சட்டம் வந்தது. 1969இலிருந்து வருடத்துக்கு இரண்டு முறை ஒவ்வொரு மாணவரும் மலத்தை உறையில் போட்டுப் பள்ளிக்குக் கொண்டுவர வேண்டும். பூச்சி இருப்பவருக்கு மருந்து. அந்த உறையைப் பையில் வைத்து நடந்த கூச்சத்தை அந்தத் தலைமுறைக் கொரியர்கள் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். 1971இல் 84.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு ஒட்டுண்ணி இருந்தது. 1997இல் 2.4 சதவீதம். மருந்து மட்டும் அதைச் செய்யவில்லை. அதே வருடங்களில் மனித மலத்தை வயலுக்கு உரமாகப் போடுவது நின்றது, வீடுகளில் கழிப்பறை வந்தது, சம்பளம் ஏறியது.

பெரியவர்களுக்கு வேண்டாமா?

உருண்டைப்புழுவும் சாட்டைப்புழுவும் பள்ளி வயதுப் பிள்ளைகளிடம்தான் அதிகம். கொக்கிப்புழு அப்படியில்லை, வயது ஏற ஏறக் கூடும். வயலில் இறங்கும் அப்பா அம்மாவுக்கு மருந்து கிடைக்காமல் பிள்ளைக்கு மட்டும் கொடுத்தால், பிள்ளை நடக்கும் மண்ணில் முட்டை விழுந்துகொண்டேதான் இருக்கும். பள்ளி வழித் திட்டத்தின் பெரிய ஓட்டை இது. ஊரில் எல்லா வயதினருக்கும் கொடுத்தால் பரவலையே நிறுத்த முடியுமா என்று பார்க்க ஒரு பெரிய ஆய்வு பெனின், மலாவி, இந்தியா மூன்று நாடுகளில் நடந்தது. இந்தியாவில் அதற்கான இடங்கள் நம் ஜவ்வாது மலையும் திமிரியும். நடத்தியது வேலூர் சி.எம்.சி. தமிழ்நாட்டில் இப்போது குடற்புழு நீக்க நாளில் 20 முதல் 30 வயதுவரை உள்ள பெண்களுக்கும் மாத்திரை உண்டு. கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் அன்றைக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம்.

திரும்பத் திரும்பக் கொடுத்தால் பூச்சிக்கு மருந்து பழகிவிடாதா?

ஆடு வளர்ப்பவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். ஆட்டுக் குடற்புழுக்களில் இந்த வகை மருந்துக்கு எதிர்ப்பு உலகம் முழுக்க வந்துவிட்டது. மனிதப் புழுக்களில் அந்த அளவுக்கு வரவில்லை, கவலை இருக்கிறது. அதனால் "எதற்கும் இருக்கட்டும்" என்று மாதா மாதம் கடையில் வாங்கிப் போடாதீர்கள்.

அன்றைக்கு என் பெண் லீவு. இனி ஆறு மாதம் காத்திருக்க வேண்டுமா?

வேண்டாம். ஏறக்குறைய ஒரு வாரம் கழித்து, விடுபட்டவர்களுக்கென்று இன்னொரு நாள் வைப்பார்கள். வகுப்பு ஆசிரியரிடம் பெயர் இருக்கும். அதுவும் தவறினால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். வீட்டுக்குக் கொடுத்து அனுப்பச் சொல்லாதீர்கள். கண் முன்னே மென்று தின்ன வைத்துத்தான் அனுப்புவார்கள், பாதி மாத்திரைகள் பள்ளிச் சுவருக்கு வெளியே கிடப்பதைப் பார்த்துப் பழகியவர்கள் அவர்கள்.